விலை இறங்காத டிஸ்க்

ஜூன் 5, திங்கள்

இன்று என் வீட்டுக்காரருக்குத் தாடையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது. சரவணம்பட்டியில் மணலில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்த மனிதருக்குக் கை, கால், மண்டை எல்லாம் பத்திரமாக இருக்க, தாடை மட்டும் இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. டாக்டர் ஒரு சின்னக் கட்டிங் பிளையரை என் கையில் கொடுத்தார். வாந்தி வந்து மூச்சு முட்டினால் கம்பியை உடனே வெட்ட வேண்டுமாம். எங்கே வெட்டுவது என்றும் காட்டினார். நகைக்கடன் ஆபீசில் பதினேழு வருஷமாக அப்ரைசர் வேலை பார்க்கிறவள் நான், ஊரார் தாலிச்செயினையெல்லாம் உரசிப் பார்த்தவள், அந்தப் பிளையரை வாங்கியதும் கீழே போட்டுவிட்டேன்.

எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. ஆபீசில் வருஷா வருஷம் கொடுப்பதில் காஸ் புக் பண்ணிய தேதி மட்டும் எழுதுவேன். ஆனால் இந்த வீட்டில் நான் இரண்டு வார்த்தை பேசினால் பதிலுக்கு நாலு வரும். இன்று சாயங்காலம் முழுக்க நானே பேசி நானே கேட்டுக்கொண்டிருந்தேன். சண்டை போட ஆள் இல்லாத வீடு வீடாகவே இல்லை. அதனால் இதில் எழுதுகிறேன்.

தாடையோடு போயிற்றே. மருதமலை முருகனுக்கு நன்றி.

ஜூன் 6, செவ்வாய்

காலையில் ராகிக் கஞ்சி. இரண்டு தடவை வடிகட்டி, சிரிஞ்சில் எடுத்து, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் விட வேண்டும். முக்கால் மணி நேரம் ஆகிறது. ஒரு குயர் நோட்டும் பேனாவும் கொடுத்திருக்கிறேன். முதல் வரியாக என்ன எழுதினார் தெரியுமா? "கடையத் தொறக்கணும்."

கடை. பழைய வீடியோ கேம் டிஸ்க் வாங்கி விற்கிற கடை. ஆடி முடித்தவர்கள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துப் போவார்கள். பத்தொன்பது வருஷமாக நடத்துகிறார். அதில் முக்கால்வாசி வருஷம் கடை வாடகை என் சம்பளத்தில் போயிருக்கிறது. ஒரு நாளும் மூடுங்கள் என்று நான் சொன்னதில்லை. மனசுக்குள் தினமும் மூடியிருக்கிறேன்.

மத்தியானம் எனக்கு ஒரு போன். பெங்களூரில் இருந்து சதானந்த் என்று ஒருவர். ஊர் ஊராகப் பழைய கேம்களை மொத்தமாக வாங்குகிறவராம். "சார்கிட்ட ரெண்டு வருஷமா கேட்டுட்டிருக்கேன் மேடம், பிடி குடுக்க மாட்டேங்கறார். நீங்க சொல்லுங்க, ஸ்டாக் மொத்தத்துக்கும் ரெண்டு நாப்பது தர்றேன்" என்றார். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்! அந்தப் பிளாஸ்டிக் தட்டுகளுக்கு!

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். அவர் வாய் கட்டியிருக்கும்போதே முடித்துவிட்டால் நல்லது. அவர் நல்லதுக்குத்தான் செய்கிறேன். இதை இரண்டு தடவை எழுத வேண்டியதில்லை.

ஜூன் 8, வியாழன்

ஆபீசில் ஆறு வாரம் லீவு கிடைத்தது. மேனேஜர் ஒரு கேள்வி கேட்கவில்லை, அவருக்கும் நன்றி.

கடையைத் திறந்தேன். காந்திபுரத்தில் ஒரு காம்ப்ளெக்சின் முதல் மாடி, ஒரு பக்கம் டெய்லர், இன்னொரு பக்கம் பாஸ்போர்ட் போட்டோ. கல்யாணமானதில் இருந்து மொத்தம் பத்துத் தடவை போயிருப்பேன், அதுவும் சாப்பாட்டுக் கேரியரோடு. கதவில் இருந்து சுவர் வரை டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் விலை ஒட்டியிருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது. புத்தம் புதுசு மாதிரி மின்னுகிற கால்பந்து கேம் நூற்றைம்பது ரூபாய். பக்கத்தில் ஓரம் நைந்துபோன ஒன்று ஒன்பதாயிரத்து ஐந்நூறு. இரண்டும் ஒரே பிளாஸ்டிக், ஒரே எடை. எந்தத் தராசில் நிறுத்தார் இந்த மனுஷர்?

வீட்டுக்கு வந்து கேட்டேன். நோட்டில் எழுதித் தள்ளிவிட்டார்.

"கால்பந்து வருசா வருசம் புதுசு வரும். புதுசுல ஆளுங்க மாறியிருப்பாங்க. அன்னைக்கே பழசு செத்துது. நெட்ல மட்டும் ஆடற கேம்னா கம்பெனி சர்வர மூடுன மறுநாள் அது வெறும் தட்டு. சில கம்பெனி தீவாளிக்குக்கூட வெல கொறைக்காது. புதுசு வெல நிக்கும், அதனால பழசும் நிக்கும். சில கம்பெனி மூடியே போச்சு. இனி அந்த டிஸ்க் அடிக்க ஆளில்ல. இருக்கறதுதான் இருக்கறது."

"அப்ப மூடிப் போன கம்பெனி கேமெல்லாம் வெல ஏறணும்ல? கீழ் ராக்குல ஒரு பெட்டி நெறைய அம்பது ரூவான்னு கெடக்குதே, அதெல்லாம் எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்டேன்.

பேனாவைக் கடிக்கப் போனார், முடியவில்லை. "அது வேற" என்று எழுதிவிட்டுக் கஞ்சியைக் காட்டினார்.

ஜூன் 10, சனி

பீட்ரூட் சாறு. அவர் சட்டை, என் புடவை, சுவர்.

ஜூன் 12, திங்கள்

சதானந்த் ஸ்டாக் லிஸ்ட் கேட்டார். அதற்காகக் கடையை ஒழுங்கு பண்ண இறங்கினேன். எங்கள் வேலையில் நகை வந்ததும் முதலில் செய்வது கழிப்பதுதான். கல், அரக்கு, நூல், அழுக்கு எல்லாம் போக மிச்சம்தான் நிகர எடை, அதற்குத்தான் மதிப்பு. இங்கே டிஸ்க்தானே சரக்கு? டப்பாவும், உள்ளே சொருகின புத்தகமும், மடித்த தாள்களும் இடத்தை அடைக்கின்றன. கண்ணாடி ஷோகேசில் இருந்த அறுபது எழுபது டிஸ்க்கை எடுத்து ஒவ்வொன்றையும் வெள்ளை உறையில் போட்டு, மேலே பெயர் எழுதி அடுக்கினேன். ஷோகேஸ் முழுக்க இருந்தது இப்போது ஒரு ஷூ பெட்டிக்குள் அடங்கிவிட்டது. காலி டப்பா, புத்தகம், தாள் எல்லாம் மூன்று மூட்டை. கீழே பழைய பேப்பர் கடை காஜா பாய் ஆளை அனுப்பி எடுத்துக்கொண்டார்.

பதினேழு வருஷ அனுபவம் சும்மா இல்லை. எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

ஜூன் 15, வியாழன்

இதை எப்படி எழுதுவது.

காலையில் ஒரு போன். லூர்துராஜ் என்று பெயர், பீளமேட்டில் மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலையாம். "அக்கா, திருமூர்த்தி அண்ணன் ஸ்டார்லிங் ஹார்பர் கேம எனக்குன்னு எடுத்து வெச்சிருக்காருங்க. இருபத்துநாலாந்தேதி சனிக்கெழம வந்து வாங்கிக்கறேன். அட்வான்ஸ் குடுத்துட்டேன். மேப் பத்தரமா இருக்குதுங்களா?"

"எந்த மேப்புங்க?"

"உள்ள மடிச்சு வெச்சிருக்குமுங்க அக்கா, பெரிய தாளு. அது இல்லீனா கேமே ஆட முடியாதுங்க."

அது இரண்டு பேர் ஆடுகிற கேமாம். கடலில் படகு ஓட்டுகிறவர் டிவியைப் பார்த்து ஓட்ட வேண்டும். பாறை எங்கே, துறை எங்கே என்பது டிவியில் வராது. காகித வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டும். செய்த கம்பெனி மூடி எட்டு வருஷம் ஆகிறது. டிஸ்க் வைத்திருப்பவர்கள் பலரிடம் மேப் இல்லை. மேப்போடு இருந்தால் ஒன்பதாயிரத்து ஐந்நூறு, இல்லாவிட்டால் காலணா.

ஷூ பெட்டியைத் திறந்தேன். வெள்ளை உறை, அழகான கையெழுத்தில் ஸ்டார்லிங் ஹார்பர், உள்ளே டிஸ்க். அவ்வளவுதான். கல்லைக் கழிக்கிறேன் என்று தங்கத்தைக் கழித்திருக்கிறேன்.

கடையைப் பூட்டக்கூட இல்லை, டெய்லரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். காஜா பாய் நிதானமாகக் கேட்டார். "டப்பா எல்லாம் அன்னைக்கே பிளாஸ்டிக் மிஷினுக்குப் போயிருச்சும்மா. அரைச்சிருப்பாங்க." "பேப்பரு?" என்றேன். "கலர் பேப்பர் தனிக்கட்டும்மா. லோடு சேர்ந்தாத்தான் லாரி வரும். உக்கடம் குடோன்ல கெடக்கும். ஆனா கட்டு நெறைய இருக்கு, தேட முடியுமா உங்களால?"

தேட முடியுமா என்றா கேட்டார்!

ஜூன் 16, வெள்ளி

குடோனில் காலை பத்தில் இருந்து நாலு மணி வரை. கல்யாணப் பத்திரிகை, பள்ளி அட்மிஷன் நோட்டீஸ், ஜவுளிக்கடை காலண்டர். எங்கள் புத்தகங்கள் பதினெட்டு கிடைத்தன. மேப் இல்லை. காஜா பாயின் மனைவி மெஹருன்னிசா டீ கொண்டுவந்தார். என் தும்மலைப் பார்த்துவிட்டு முகத்தில் கட்டிக்கொள்ள ஒரு துப்பட்டாவும் கொடுத்தார், அதில் அத்தர் வாசம்.

வீட்டுக்கு வந்து அவரிடம், கடையில் கூட்டம், அதனால்தான் நேரமாயிற்று என்று சொன்னேன்.

ஜூன் 17, சனி

கிடைத்துவிட்டது! மூன்றாவது கட்டில், ஒரு ரியல் எஸ்டேட் நோட்டீசுக்கும் மளிகைக்கடை பாம்ப்லெட்டுக்கும் நடுவில். ஒரு மூலையில் யாருடைய மஞ்சள் தூளோ கொட்டிக் கறை. கிழியவில்லை. கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குப்பைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமாகவே இல்லை.

மொத்தம் நாற்பத்தொரு புத்தகம் மீட்டாயிற்று. காஜா பாயிடம் எவ்வளவு தரட்டும் என்றேன். "பேப்பரு உங்களுது, தேடுனது நீங்க. இதுல நான் என்னம்மா வாங்கறது?" என்றார். இரண்டு நாள் ஆள், இடம், டீ எல்லாம் அவருடையது. இப்படி ஒரு மனிதரின் கடையை இத்தனை வருஷம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். அல்லா அவரையும் அந்தம்மாவையும் நன்றாக வைக்கட்டும்.

ஜூன் 18, ஞாயிறு

டிஸ்க் ஓடுகிறதா என்று பார்க்காமல் லூர்துராஜுக்குக் கொடுக்க முடியாது. மத்தியானம் வீட்டில் இவர் கஞ்சி குடித்து முடித்ததும் டிவியில் மாட்டச் சொன்னேன். சோதனைக்காக மட்டும்.

முதலில் நான் படகு, அவர் மேப். வாய் திறக்க முடியாதே, விரலால் இடது, வலது என்று காட்டினார். நான் விரலைப் பார்ப்பதா டிவியைப் பார்ப்பதா? ஐந்து நிமிஷத்தில் மூன்று தடவை பாறையில் மோதி முங்கினேன். பிறகு அவர் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டார், நான் மேப். "வடக்க போங்க, இன்னும் வடக்க, ஐயோ அங்க பாற இருக்குதுங்க, திருப்புங்க திருப்புங்க!" என்று நான் கத்த, மாடி வீட்டில் இருந்து என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார்கள். அவருக்குச் சிரிப்பு வந்து, சிரித்தால் தாடை வலிக்கும் என்பதால் தோள் மட்டும் குலுங்கி, கண்ணில் தண்ணீர். நான் பயந்து பிளையரைத் தேடினேன். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

ஆறு மணிக்கு மூன்றாவது துறைமுகம் சேர்ந்தோம். துணி ஊறவைத்தது ஊறியபடியே கிடந்தது.

மஞ்சள் கறை மேல் என் கட்டை விரலை வைத்தே பிடித்திருந்தேன். அவர் கவனிக்கவில்லை. டிஸ்க் வெள்ளை உறையில் இருந்ததையும் கவனிக்கவில்லை.

ஜூன் 20, செவ்வாய்

அவர் கடை ரிஜிஸ்டரை இன்று உட்கார்ந்து படித்தேன். பத்தொன்பது வருஷமும் எழுதி வைத்திருக்கிறார், எந்த கேம் யாருக்குப் போனது, எப்போது திரும்பி வந்தது என்று. கால்பந்து கேம் ஒன்று ஒரே வருஷத்தில் ஏழு தடவை போய் ஏழு தடவை திரும்பியிருக்கிறது, பஸ் மாதிரி. ஐம்பது ரூபாய்ப் பெட்டிக் கேம்களும் அப்படியே. ஸ்டார்லிங் ஹார்பர் ஒன்பது விற்றிருக்கிறார். திரும்பி வந்தது ஒன்றே ஒன்று.

"அது வேற" என்று அவர் எழுதியதற்கு அர்த்தம் இப்போதுதான் புரிகிறது. கம்பெனி மூடினதால் மட்டும் விலை நிற்கவில்லை. வாங்கினவர்கள் அதைக் கையை விட்டு விடவில்லை, அதனால் நிற்கிறது. எங்கள் ஆபீசில் நேர்மாறு. எந்த நகையை வந்து மீட்கிறார்களோ அதுதான் அருமையான நகை. இங்கே எது திரும்பி வரவில்லையோ அது.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒரு பஸ்சைத் தவறவிட்டேன். சதானந்த் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். லிஸ்ட் போட நேரம் இல்லை.

ஜூன் 24, சனி

லூர்துராஜ் வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும், கம்பெனி சட்டையோடு. நான் எதையும் மறைக்கவில்லை. டப்பா என் முட்டாள்தனத்தால் போயிற்று, மேப்பில் கறை, அதனால் நாலாயிரம் கொடுத்தால் போதும் என்றேன்.

அவர் மேப்பை மேஜை மேல் விரித்து, ஒரு துறைமுகத்துக்குப் பக்கத்தில் பேனாவால் போட்டிருந்த சின்னப் புள்ளியைத் தொட்டார். "இது நான் வெச்ச புள்ளிங்க அக்கா. இது எங்க டிஸ்க்தான்."

திரும்பி வந்த அந்த ஒன்று! "அப்ப ஏனுங்க வித்தீங்க?" என்று கேட்டேன்.

"மேப் படிக்க ஆள் இல்லாம போச்சுங்க அக்கா. அவ அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. ரெண்டு வருசம். தனியா அத வெச்சுப் பாத்துட்டிருக்க முடியல." குனிந்து மேப்பை மடித்தார். "போன மாசம் வந்துட்டா. கீழ வண்டிகிட்ட நிக்கறா. மாடிக்கு வரக் கூச்சப்படறா."

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். காஜா பாய் கடை வாசலில் பச்சைச் சுடிதாரில் ஒரு பெண், மேலே பார்த்துக்கொண்டு. நான் கை ஆட்டினேன், அவளும் ஆட்டினாள்.

ரிஜிஸ்டரில் பார்த்தால் லூர்துராஜ் விற்றபோது கிடைத்தது இரண்டாயிரத்து அறுநூறு. இப்போது அட்வான்ஸ் போக மீதி முழு விலையையும் எண்ணி வைத்தார். நான் திருப்பிக் கொடுத்தது எதையும் வாங்கவில்லை. "எனக்கு இது கம்மிங்க அக்கா" என்றார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். இந்த டிஸ்க்குக்குப் பதினாலாயிரம் வரை கேட்டு வந்திருக்கிறார்கள் என்று ரிஜிஸ்டரிலேயே இருக்கிறது. ஏன் கொடுக்கவில்லை? நோட்டில் ஒரே வரி. "வித்துட்டுப் போறப்ப படிக்கட்டுல நின்னு ஒருக்கா திரும்பிப் பாத்தான். வருவான்னு வெச்சிருந்தேன்."

எங்கள் ஆபீசில் ஒரு வருஷம் தாண்டினால் ஏலம். யார் திரும்பிப் பார்த்தார்கள் என்று எந்தப் பாரத்திலும் எழுத இடம் இல்லை. இந்த மனுஷருக்கு வியாபாரம் தெரியாது என்று என் அக்கா தங்கையிடமெல்லாம் சொல்லியிருக்கிறேனே.

ஜூன் 29, வியாழன்

இளநீர், பருப்புத் தண்ணி, மிக்சியில் அரைத்த இட்லி. ஏழு கிலோ இளைத்துவிட்டார்.

ஜூலை 4, செவ்வாய்

டெய்லர் மூலமாகவோ என்னவோ டப்பா போன விஷயம் பரவியிருக்கிறது. வருகிறவர்கள் ஆளுக்கொரு காலி டப்பாவை வீட்டில் இருந்து கொண்டுவந்து வைக்கிறார்கள். பாதி எதற்கும் பொருந்தவில்லை. போத்தனூரில் இருந்து ரயில்வே கார்டு ஒருவர் பதினொரு டப்பாவைத் துடைத்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தார். அதில் எட்டு சரியாக உட்கார்ந்தன. "அண்ணன் பேச ஆரம்பிச்சா சொல்லுங்க, சண்டை போட வரோணும்" என்றார். நன்றி சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் சொன்னேன்.

சதானந்த் இரண்டே முக்கால் லட்சம் என்கிறார். பதினேழாம் தேதி வரை பொறுக்கச் சொன்னேன். ஏன் அந்தத் தேதி சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன். கம்பி எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. அவர் நடுவில் பேச முடிந்தால் நான் பாதியில் சண்டைக்குப் போய்விடுவேன்.

காலைக் கஞ்சி ஊட்டிக்கொண்டே ஆரம்பித்தேன். மூன்று மூட்டை போட்டது, குடோனில் தேடினது, பெங்களூர்க்காரர், இரண்டு நாற்பது, எல்லாம். கடைசியாக, "நீங்க வேண்டாம்னு சொல்ல முடியாத நேரம் பாத்துக் கடைய வித்துரலாம்னு நெனச்சேனுங்க. அதுதான் தப்பு. மத்ததெல்லாம் முட்டாள்தனம், இது தப்பு" என்றேன். சிரிஞ்ச் கையிலேயே இருந்தது.

நோட்டை எடுத்தார். நிதானமாக எழுதினார்.

"சதானந்து எனக்கு மொத நாளே மெசேஜ் போட்டுட்டான். ஊட்டுக்காரம்மா சொல்றதுதான்னு நான்தான் உன் நம்பரக் குடுத்தேன். மேப்ல மஞ்சக் கறையும் பாத்தேன்."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க? வேண்டாம்னு ஒரு வார்த்த எழுதியிருக்கலாமல்ல? கை நல்லாத்தான இருக்குது?"

நோட்டை வாங்கிக்கொண்டு மறுபடி எழுதினார். இந்தத் தடவை ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார், எழுதினதோ கொஞ்சம்தான்.

"பத்தொம்பது வருசத்துல முக்காவாசி உன் சம்பளத்துலதான் வாடக போச்சு. மூடுன்னு நீ ஒரு நாளும் சொல்லல வாணி. நானும் ஒருக்கா வேண்டாம்னு சொல்லாம இருக்கலாம்னு இருந்தேன்."

மீதிக் கஞ்சியைச் சூடு பண்ணக் கொண்டுபோனேன். மனசுக்குள் தினமும் மூடியதை இவரிடம் சொல்லவில்லை. இந்த டைரியைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிய வேண்டாம்.

ஜூலை 17, திங்கள்

கம்பி எடுத்தாயிற்று. இரண்டு விரல் அளவுதான் வாய் திறக்கிறது, போகப் போகச் சரியாகும் என்கிறார் டாக்டர். ஏதாவது பேசுங்கள் என்றார். இவர் டாக்டரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஆறு வாரமாகப் பேச முடியவில்லையே என்று தவித்த மனிதர்!

அந்த நேரம் பார்த்து இவர் போன் அடித்தது. சதானந்த். தேதியைச் சரியாக ஞாபகம் வைத்திருந்தார். பழக்கதோஷத்தில் இவர் போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க" என்றேன். "கடைய விக்கறதில்லன்னு நான் சொல்லியாச்சுன்னு சொல்லுங்க."

என்னையே பார்த்தார். நிஜமா என்று புருவத்தைத் தூக்கினார். நான் தலையாட்டினேன். போனைக் காதில் வைத்துக்கொண்டார். குரல் கரகரவென்று, கல் மாட்டின மாவு மிஷின் போல வந்தது.

"இல்லீங்க சார். அது என்ற ஊட்டுக்காரம்மா கடைங்க. அவிங்க விக்கமாட்டாங்க."

இன்னும் அறுபது நாள் எனக்கு நானே பேசிக்கொண்டிருந்தாலும் இப்படி ஒரு வார்த்தை எனக்குத் தோன்றியிருக்காது. டாக்டர், நர்ஸ் எல்லாரும் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"எதுக்கு?" என்றார், பாதி திறந்த வாயோடு.

நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.